சம்பளத்தோடு வரும் கிஃப்ட் வவுச்சர்: எதை வாங்கலாம், எதை ஒதுக்கலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அலுவலகம் தரும் கிஃப்ட் வவுச்சர் நல்ல சலுகைதான், மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால். ஆண்டு மொத்தம் வரி விலக்கு வரம்பான 5,000 ரூபாயைத் (2025-26 நிதியாண்டு வரைக்குமான வரம்பு) தொடாமல் இருக்க வேண்டும். ஊழியர் எப்படியும் பணம் செலவழிக்கப்போகிற கடையில் அந்த வவுச்சர் செல்லுபடியாக வேண்டும். மிச்சத் தொகை கார்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் மிச்சமாகும் வரியைவிட வீணாகும் தொகை அதிகமாகிவிடும். சந்தையில் புழங்கும் ஐந்து வகை வவுச்சர்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அதற்கு முன் வரிக் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

வரி எவ்வளவு மிச்சம்?

இங்கே சொல்வதெல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தையும் 1962 விதிகளையும் ஒட்டியது. அதாவது 2025-26 நிதியாண்டு வரைக்குமானது. 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அந்தச் சட்டத்தின் விதிகளில் உள்ள வரம்பையே நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவு (பேரோல்) எடுத்துக்கொள்ள வேண்டும்.

விதி 3, துணை விதி 7-இன் நான்காவது பிரிவு சொல்வது இதுதான்: நிறுவனம் ஊழியருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ தரும் பரிசு, வவுச்சர், டோக்கன் எல்லாவற்றின் மதிப்பையும் நிதியாண்டுக்கு மொத்தமாகக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரிக்குரிய மதிப்பு பூஜ்யம். தீபாவளிக்குக் கொடுத்த ஸ்வீட் பாக்ஸும், ஆண்டு விழாவில் கொடுத்த மிக்ஸியும், மகளிர் தினத்தன்று வந்த கூப்பனும் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். ஒவ்வொரு பண்டிகைக்கும் தனித்தனியாக 5,000 என்று நினைத்துக்கொண்டு நிறுவனங்கள் பட்ஜெட் போடுவது உண்டு. அது தவறு.

ரொக்கமாகவோ, பணமாக மாற்றக்கூடிய கிஃப்ட் செக்காகவோ கொடுத்தால் இந்த விலக்கே கிடையாது. ஒரு ரூபாயிலிருந்தே சம்பளமாகக் கணக்காகும். தீபாவளிக்கு வங்கிக் கணக்கில் 3,000 ரூபாய் போட்டுவிட்டு "பரிசு" என்று பே ஸ்லிப்பில் அச்சடித்தாலும் அது சம்பளம்தான்.

5,000-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதில்தான் இழுபறி. 2001-இல் வந்த 15-ஆம் எண் சுற்றறிக்கை, 5,000 வரை விலக்கு, அதற்கு மேற்பட்டதற்கு வரி என்ற தொனியில் பேசுகிறது. விதியின் வாசகமோ மொத்தம் 5,000-க்குக் கீழே இருந்தால் மட்டுமே பூஜ்யம் என்கிறது. அப்படிப் படித்தால் 5,000-ஐத் தொட்ட உடனே முழுத்தொகையும் வரிக்குள் வந்துவிடும். ஓர் உதாரணம் பார்க்கலாம். தீபாவளிக்கு 3,000, ஜனவரியில் பாராட்டுப் பரிசாக 1,500, மார்ச்சில் 1,000, மொத்தம் 5,500. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 31.2 சதவீதம். முதல் கணக்கில் 500 ரூபாய்க்கு மட்டும் 156 ரூபாய் வரி. இரண்டாவது கணக்கில் 5,500-க்கும் சேர்த்து 1,716 ரூபாய். எந்தக் கணக்கு என்று ஆடிட்டரோடு வாதாடுவதைவிட, வவுச்சரை 4,500 ரூபாயோடு நிறுத்திக்கொண்டு மீதியை ஸ்வீட் பாக்ஸுக்கு விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் இந்த விலக்கு உண்டு. இதுதான் இதன் பெரிய பலம். உணவு வவுச்சருக்கு அந்த வசதி இல்லை. ஒரு வேளைக்கு 50 ரூபாய், நாளுக்கு இரண்டு வேளை, மாதம் 22 நாள் என்று 2,200 ரூபாய், ஆண்டுக்கு 26,400 ரூபாய் வரை மீல் கார்டில் வரி விலக்கு பெறலாம் என்பது பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பழைய முறையிலேயே தொடர்பவர்கள் முதலில் மீல் கார்டைக் கேட்டு வாங்க வேண்டும். கிஃப்ட் வவுச்சர் அதற்குப் பிறகுதான்.

கையில் நிற்கும் லாபம் எவ்வளவு? 4,900 ரூபாய் வவுச்சருக்கு, புதிய முறையில் 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 1,019 ரூபாய், 30 சதவீதத்தில் இருப்பவருக்கு 1,529 ரூபாய். ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சத்துக்கு உள்ளே இருப்பவருக்கு 2025-26-இல் புதிய முறையில் வரியே இல்லை என்பதால் வரிவழி லாபமும் இல்லை. அவருக்கு நிறுவனம் கூடுதலாகத் தந்தால் அது சந்தோஷமான பரிசு; ஆனால் பேசி முடித்த மொத்த ஊதியத்திலிருந்தே (சிடிசி) பிரித்து வவுச்சராகத் தந்தால், எங்கு வேண்டுமானாலும் செலவழித்திருக்கக்கூடிய பணத்தை ஒரு கடைக்குள் பூட்டிவைத்தது போலத்தான். அவர் அந்தப் பகுதியை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் இந்தச் சின்னத் தொகைக்குப் பெரிய மதிப்பு வருகிறது. சம்பளம் 12.75 லட்சத்தைச் சற்றே தாண்டியவருக்கு, வரம்பைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்ற மார்ஜினல் ரிலீஃப் உண்டு. அதன் மறுபக்கம் என்னவென்றால், அந்தக் குறுகிய பகுதியில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போகும், செஸ் வேறு. அங்கே இருப்பவருக்கு 4,900 ரூபாய் போனஸாக வந்தால் கையில் எதுவும் நிற்காது. அதையே வரி விலக்குள்ள வவுச்சராக வாங்கினால் முழுதும் நிற்கும். பேரோல் பிரிவினர் இந்தச் சம்பள வரம்பில் இருப்பவர்களைத் தனியாகப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.

ஐந்து வகையும் எப்படி?

காகித வவுச்சர் இன்னும் சில துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நடைமுறையில் இருக்கிறது. நூறு, ஐந்நூறு என்று தாள்தாளாக வரும். பில் 430 ரூபாய் என்றால் 500 தாளைக் கொடுத்துவிட்டு 70 ரூபாயை மறந்துவிட வேண்டியதுதான்; மீதி தரமாட்டார்கள். தொலைந்தால் தொலைந்ததுதான், மாற்றுத் தாள் கிடையாது. கைபேசி பழக்கம் குறைந்த ஊழியர்கள் அதிகம் உள்ள தொழிற்சாலைகளுக்கு இது இன்றும் பயன்படும். அங்கேயும் சிறிய மதிப்புள்ள தாள்களாகக் கேட்டு வாங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒற்றைக் கடையின் மின் வவுச்சர் அடுத்தது. மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ கார்டு எண்ணும் பின் நம்பரும் வரும். கடை சரியாக அமைந்தால் இதைப்போல் எளிது வேறில்லை. மளிகை, காய்கறி வாங்கும் சூப்பர் மார்க்கெட் வவுச்சர் என்றால் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும், வீணாவதே இல்லை. ஸ்பா, நகை, உயர்ரக வாட்ச் என்று போனால் பாதிப்பேர் கைக்காசு போட்டுத்தான் வவுச்சரைத் தீர்க்க முடியும். நகைக்கடை வவுச்சர்களில் இன்னொரு சிக்கல்: தங்க நாணயம் வாங்க முடியாது, குறிப்பிட்ட ரகத்துக்கு மட்டும் செல்லும் என்ற நிபந்தனை அடிக்கடி இருக்கும். அதை நிறுவனம் வாங்கும்போதே படிக்க வேண்டும்.

இந்த வகையில் மூன்று கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்கக் கூடாது. கடையில் மட்டுமா, ஆன்லைனிலும் செல்லுமா? ஒரே தடவையில் முழுதும் செலவழிக்க வேண்டுமா, கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்தலாமா? ஒரு பில்லுக்கு எத்தனை வவுச்சர் போடலாம்? ஆயிரம் ரூபாய் வவுச்சர் ஐந்தை அனுப்பிவிட்டு ஒரு பில்லுக்கு இரண்டுதான் என்று கடை சொன்னால் ஊழியர் மூன்று தடவை படியேற வேண்டும்.

பல பிராண்டு லிங்க் இப்போது அதிகம் விற்பது. ஊழியருக்கு ஒரு லிங்க் வரும். திறந்தால் ஐம்பது, நூறு கடைகளின் பட்டியல். வேண்டியதை வேண்டிய தொகைக்குப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். 4,500 ரூபாயில் 3,000-ஐ மளிகைக்கும் 1,500-ஐ செருப்புக் கடைக்கும் மாற்றலாம். எங்கள் கணிப்பில் ஐந்தில் இதுவே முதலிடம். ஆனால் இதில் இரண்டு காலாவதித் தேதிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. லிங்கை மாற்றிக்கொள்வதற்கு ஒரு கெடு. மாற்றிய பிறகு கிடைக்கும் கடை வவுச்சருக்கு வேறொரு கெடு. கடையைத் தேர்ந்தெடுத்து ஒரு தடவை உறுதி செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. எனவே அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றிவைக்க வேண்டாம். லிங்கின் கெடுவுக்குள், வாங்கப்போகும் அன்று காலையில் மாற்றினால் போதும்.

ரூபே, விசா போன்ற வலைப்பின்னலில் ஓடும் ப்ரீபெய்டு கிஃப்ட் கார்டு நான்காவது. "எங்கும் செல்லும்" என்ற ஈர்ப்பு இதற்கு உண்டு, எச்.ஆர். பிரிவுக்கும் தலைவலி குறைவு. ரிசர்வ் வங்கியின் 2021 ப்ரீபெய்டு கருவிகள் வழிகாட்டுதலின்படி இந்தக் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் ஏற்ற முடியாது, இரண்டாம் முறை பணம் ஏற்ற முடியாது, ஏடிஎம்-இல் எடுக்கவோ வேறு கணக்குக்கு அனுப்பவோ முடியாது. பணமாக மாற்ற முடியாது என்பதால்தான் வரி விலக்கு கணக்கிலும் இது நிற்கிறது.

இதன் குறை மிச்சத் தொகைதான். கார்டில் 640 ரூபாய் இருக்கிறது, ஆன்லைன் ஆர்டர் 799 ரூபாய் என்றால் பரிவர்த்தனை தோல்வி. பேமென்ட் கேட்வே ஒரு கார்டில் பாதி, இன்னொன்றில் பாதி என்று எடுப்பதில்லை. அப்படியே 640, பிறகு 210, பிறகு 38 என்று கரைந்து கடைசித் தொகை யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். வழி இருக்கிறது. கடைக்குப் போனால் பில் போடும்போதே, "இந்தக் கார்டில் சரியாக 640 ரூபாய் எடுங்கள், மீதி யுபிஐ" என்று சொல்ல வேண்டும். கேஷியர் மெஷினில் தொகையைக் கையால் அடிக்க முடியும். ஆன்லைனில் வாங்குபவர், அடிக்கடி வாங்கும் தளத்தின் சொந்த கிஃப்ட் கார்டைச் சரியாக 640 ரூபாய்க்கு வாங்கித் தன் கணக்கில் சேர்த்துவிடலாம். அந்தத் தளம் அந்தக் கார்டை ஏற்றுக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, பெரிய ஆன்லைன் அங்காடிகளின் வாலட்டில் சேரும் கிஃப்ட் கார்டு. அமேசான் பே கிஃப்ட் கார்டு எல்லோரும் அறிந்த உதாரணம். கார்டோடு வரும் ரகசிய எண்ணை (கோடு) ஒரு தடவை கணக்கில் சேர்த்தால் தொகை பேலன்ஸாக உட்கார்ந்துகொள்ளும். 799 ரூபாய் ஆர்டருக்கு 640-ஐ பேலன்ஸிலிருந்தும் மீதியை வேறு வழியிலும் தானே எடுத்துக்கொள்ளும். மிச்சத் தொகைப் பிரச்சினை இங்கே இல்லை. சேர்த்த பிறகு வேறொருவர் கணக்குக்கு மாற்ற முடியாது, ஆகவே யார் கணக்கில் சேர்ப்பது என்பதை முன்பே வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும். பேலன்ஸாக மாறினாலும் காலாவதித் தேதி போய்விடாது, அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஆன்லைனில் வாங்கிப் பழகிய அலுவலகங்களுக்குப் பல பிராண்டு லிங்குக்கு அடுத்து இதைச் சொல்வோம்.

வவுச்சர் ஏன் "இன்வேலிட்" என்று வருகிறது

ஊழியர்கள் அதிகம் குறைப்படுவது இதைத்தான். வவுச்சர் விற்பனை நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன் எக்ஸெல் கோப்பைப் பாருங்கள். பல அலுவலகங்களில் வவுச்சர் கோடுகள் மொத்தமாக ஒரு கோப்பில் வரும், எச்.ஆர். அதை வெட்டி ஒட்டி ஒவ்வொருவருக்கும் அனுப்புவார். எக்ஸெல் எண்களில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கார்டு எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் ஒட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். பின் நம்பர் 004512 என்றால் முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்யமும் போய் 4512 என்று நிற்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். கடையில் போட்டால் செல்லாது. ஒட்டுவதற்கு முன் அந்த நெடுவரிசையின் வடிவத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவைத்தால் இந்தப் பிரச்சினை வராது. ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் திரும்பாது. விற்பனை நிறுவனம் அனுப்பிய மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

இதைவிட நல்லது, கோடுகளை எச்.ஆர். தொடாமலே இருப்பது. ஊழியரின் மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும் விற்பனை நிறுவனமே நேரடியாக அனுப்பும்படி கேட்க வேண்டும். கோடு என்பது ரொக்கத்துக்குச் சமம். நூறு பேருடைய கோடுகளும் ஒரே கோப்பில் மூன்று பேர் மின்னஞ்சலில் சுற்றிக்கொண்டிருந்தால், யாராவது எடுத்துப் பயன்படுத்தினாலும் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ப்ரீபெய்டு கார்டில் கைபேசி எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் ஓடிபி வேறு யாருக்கோ போகும், ஆன்லைனில் கார்டே பயன்படாது. அலுவலக மின்னஞ்சலுக்கு வந்த லிங்க் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும் வாய்ப்பும் அதிகம். அனுப்பும் முகவரியை ஐடி பிரிவு முன்கூட்டியே அனுமதிப் பட்டியலில் சேர்த்துவைக்கலாம்.

கடையில் செல்லாததற்கு இன்னொரு காரணம், கேஷியர் அதைச் சாதாரண கார்டு போல மெஷினில் தேய்க்கப் பார்ப்பது. கடையின் சொந்த வவுச்சர் பில்லிங் மென்பொருளில் 'கிஃப்ட் கார்டு' என்ற தனி வழியில் போட வேண்டியது. புதிதாக வந்த கேஷியருக்கு அது தெரியாமல் இருக்கலாம். மேலாளரை அழைக்கச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணமாகத் திரும்பாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலும் கடைக் கிரெடிட்டாகவோ புது வவுச்சராகவோதான் வரும்.

வாங்கும் நிறுவனத்துக்கு

விற்பனை நிறுவனத்தின் பில்லைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வவுச்சர் பரிவர்த்தனை பொருள் வழங்கலும் இல்லை, சேவை வழங்கலும் இல்லை என்று 2024 டிசம்பர் 31 தேதியிட்ட 243-ஆம் எண் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. எனவே முகமதிப்புக்கு ஜி.எஸ்.டி. வராது, சேவைக் கட்டணம் என்று தனியாக வாங்கினால் அதற்கு மட்டும் 18 சதவீதம். முழு முகமதிப்பின் மேல் 18 சதவீதம் போட்டு பில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஊழியர் ஒருவருக்கு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை தரும் பரிசு ஜி.எஸ்.டி. கணக்கில் வழங்கலாகவே எடுத்துக்கொள்ளப்படாது. அதே நேரம் பரிசாகக் கொடுத்த பொருளுக்கு, வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டும் கிடைக்காது.

1952 பி.எஃப். சட்டத்தில் அடிப்படை ஊதியத்தின் விளக்கம், முதலாளி தரும் பரிசுகளை வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. அந்தச் சட்டத்தின்படி வவுச்சருக்கு பி.எஃப். பிடித்தம் வராது.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். 5,000 ரூபாய் விலக்கு நிறுவனத்தின் ஊழியருக்கு மட்டும். கன்சல்டன்ட், ஃப்ரீலான்சர், டீலர் ஆகியோருக்குத் தரும் வவுச்சர் 1961 சட்டத்தின் 194ஆர் பிரிவின் கீழ் வரும். ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். தீபாவளிக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி லிங்க் அனுப்பினாலும் கணக்கில் இவர்களைப் பிரித்தே எழுத வேண்டும்.

வரம்பைத் தாண்டியவர்களின் தொகையை அந்தந்த மாதமே பேரோலில் ஏற்றிவிடுவது நல்லது. மார்ச்சில் மொத்தமாகச் சேர்த்துப் பிடித்தால், பரிசு வாங்கியதையே மறந்துபோன ஊழியர் சம்பளம் குறைந்ததைப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஊழியர் பெற்ற சலுகைகளைக் காட்டும் ஃபார்ம் 12பிஏ-இல் (2025-26 வரைக்குமானது) பரிசு, வவுச்சருக்கென்று தனி வரிசை இருக்கிறது. வரிக்குரிய தொகை அங்கே வர வேண்டும். கணக்கில் ஏற வேண்டியது ஊழியர் கையில் வவுச்சர் கிடைத்த தேதி, கடையில் செலவழித்த தேதி இல்லை. மார்ச் 28-இல் வந்த வவுச்சரை மே மாதம் பயன்படுத்தினாலும் அது முடிந்த நிதியாண்டுக் கணக்குதான்.

மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவைப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. வவுச்சரின் ஆயுள், தொகை ஏற்றப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும். தள்ளுபடிக்காக ஆகஸ்டில் வாங்கித் தீபாவளிக்குக் கொடுத்தால், ஆறு மாதம் செல்லும் கடை வவுச்சரில் பாதி ஆயுள் ஊழியர் கைக்கு வருமுன்பே போயிருக்கும். பட்டியலைத் தயாராக வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு கோடுகளை உருவாக்கச் சொல்லலாம். பெரும்பாலான விற்பனை நிறுவனங்கள் அனுப்பும் தேதியை முன்கூட்டியே குறித்துவைக்க வசதி தருகின்றன.

கைக்கு வந்தவுடன்

வந்த அன்றே பேலன்ஸைச் சரிபார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் அந்த வாரத்திலேயே சொன்னால்தான் திருத்துவார்கள். காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகக் கைபேசியில் அலாரம் வையுங்கள். கோடும் பின் நம்பரும் இருக்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பார்த்தவர் யார் வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மேலதிகாரியின் புகைப்படத்தோடு புது எண்ணிலிருந்து "மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே சில கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு" என்று வரும் செய்தி மோசடி. அவருடைய பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது.

தேதி தாண்டிவிட்டால் எந்த வகைக் கார்டு என்று பாருங்கள். வங்கியோ வாலட் நிறுவனமோ வெளியிட்டு, பல கடைகளில் செல்லும் கார்டு என்றால் அது ரிசர்வ் வங்கி விதிக்குள் வருகிறது. குறைந்தது ஓராண்டு ஆயுள் தர வேண்டும். முடிவதற்கு முந்தைய 45 நாளில் நினைவூட்ட வேண்டும். கிஃப்ட் கார்டை வைத்திருப்பவர் கேட்டால் புதுப்பித்துத் தரவோ புதுக் கார்டாக மாற்றித் தரவோ அந்த வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. கார்டு எண்ணும் வந்த மின்னஞ்சலும் இணைத்து, 'ரீவேலிடேஷன்' என்ற சொல்லைப் பயன்படுத்தியே எழுதிக் கேளுங்கள். ஒரே கடையில் மட்டும் செல்லும் வவுச்சர் ரிசர்வ் வங்கி விதிக்குள் வராது. அங்கே கடையின் நிபந்தனைதான் பேசும், ஆகவே தனி ஊழியர் கேட்பதைவிட மொத்தமாக வாங்கிய எச்.ஆர். பிரிவு மூலம் கேட்டால் நடக்க வாய்ப்பு அதிகம்.